குணமானார்: யார் கணக்கில்?

ஹெராயின் பழக்கத்துக்குத் தில்லியில் மருந்து இருக்கிறது, மையங்கள் இருக்கின்றன, மருத்துவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சை பலித்ததா என்று அளக்கத்தான் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை.

தில்லியில் ஒரு ரிக்‌ஷாக்காரரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால் யமுனைக் கரையிலோ திரிலோக்புரியிலோ தேடினால் கிடைக்கக்கூடியவர். எட்டு வருடமாக 'ஸ்மாக்' பழக்கம். அலுமினியத் தாளில் பொடியைக் கொட்டி, அடியில் நெருப்புக் காட்டி, எழும் புகையை உறிஞ்சுவார். ஆறு மாதமாகத் தினமும் காலையில் சிகிச்சை மையத்துக்கு வருகிறார். நர்ஸ், புப்ரினார்ஃபின் மாத்திரையைப் பொடித்து அவர் நாக்கடியில் வைக்கிறார். கரையும்வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுக்கிறார். சம்பாத்தியத்தில் ஒரு பகுதி பீகாருக்குப் போகிறது. பேச்சை நிறுத்தியிருந்த மனைவி மறுபடி போனில் பேசுகிறார். சென்ற மாதம் மட்டும் ஒருநாள், பழைய சிநேகிதனைப் பார்த்த இடத்தில், ஒரு தடவை இழுத்துவிட்டார்.

இவர் குணமாகிவிட்டாரா?

கேட்கும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். போதையை அறவே விட்டால்தான் குணம் என்பவருக்கு இவர் தோல்வி. ஒருநாள் தவறியதற்காக மட்டுமல்ல. தினமும் நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் அபின் குடும்பத்து மருந்துதான் என்பதற்காகவும். சிகிச்சையில் நீடிக்கிறாரா என்று பார்ப்பவருக்கு இவர் வெற்றி. ஊசி மூலம் பரவும் எச்.ஐ.வி.யைத் தடுப்பது நோக்கம் என்றால், ஊசியே போடாத இவர் கணக்கிலேயே வரமாட்டார். மனைவியைக் கேட்டால் வேறொரு பதில் கிடைக்கும். அதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

பட்டிமன்றத் தலைப்பு போலத் தோன்றலாம். ஆனால் எந்தச் சிகிச்சைக்குப் பணம் போகும், எது நிறுத்தப்படும் என்பதெல்லாம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019-ல் வெளியான ஆய்வு சொல்வது: நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. இந்த 77 லட்சத்தில் பாதிக்கு மேல் ஒரு சில மாநிலங்களில்தான். அந்தப் பட்டியலில் தில்லியும் உண்டு.

ஒரே நகரம், பல கணக்குகள்

பிரவுன் சுகர் தில்லிக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 1988-ல் எய்ம்ஸ் தன் போதை மீட்பு மையத்தை ஹரிநகரிலுள்ள தீனதயாள் உபாத்யாயா மருத்துவமனையில் தொடங்கியது. அதுதான் 2003-ல் காஜியாபாதில் சொந்தக் கட்டடத்துக்குப் போய், இன்று தேசிய மையமாக நிற்கிறது.

அந்தக் காலத்தில் சிகிச்சை என்றால் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்து, உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் அடங்கும்வரை மருந்து கொடுத்து, சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்புவதுதான். வீட்டுக்குப் போகும் நாளில் கணக்கெடுத்தால் எல்லோரும் குணம். சில மாதங்கள் கழித்து எடுத்தால் பலர் பழைய இடத்தில். இரண்டு கணக்குகளும் பொய்யில்லை. எந்த நாளில் எண்ணினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

1993-ல் 'ஷரண்' என்ற தொண்டு நிறுவனம் தில்லியின் ஏழை ஹெராயின் பழக்கக்காரர்களுக்கு புப்ரினார்ஃபின் கொடுக்கத் தொடங்கியது. எய்ம்ஸும் 1990-களிலேயே அந்த மருந்தை ஆராய்ந்தது. தத்துவம் எளிது. ஹெராயின் போய் ஒட்டும் அதே இடத்தில் இந்த மருந்தும் மூளையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஹெராயினைப் போலத் தூக்கி எறியாமல், ஒரு நாளைக்கு மேல் நிதானமாக நிற்கும். ஏக்கமும் வலியும் அடங்கும். வேலைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் மெதடோனையும் புப்ரினார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் இந்தச் சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டது. மெதடோனும் 2012-ல் இந்தியாவில் வந்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. எய்ட்ஸ் அமைப்பு மருந்து கொடுப்பது எச்.ஐ.வி.யைத் தடுக்க. ஆகவே ஊசியைப் பகிர்ந்துகொள்வது குறைந்ததா என்பது அதன் கவலை. சமூகநீதி அமைச்சகத்தின் மறுவாழ்வு மையங்களுக்கு இலக்கு, போதையில்லாத, குற்றமில்லாத, வேலையுள்ள மனிதர். மருத்துவமனைகளுக்கு முக்கியம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள். ஒரே ரிக்‌ஷாக்காரர் மூன்று வாசல்களிலும் நுழையலாம். மூன்று பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்தால், அது ஒரே ஆள்தானா என்றே சந்தேகம் வரும்.

ஒரே ஆய்வு, இரண்டு தீர்ப்பு

அளவுகோல் மாறினால் தீர்ப்பு எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2017-ல் வெளியான ஆய்வு அது. பழக்கத்துக்கு ஆளான 570 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாதம் ஒருமுறை போடும் நால்ட்ரெக்ஸோன் ஊசி. இது அபின் ஒட்டும் இடத்தை அடைத்து, ஹெராயின் எடுத்தாலும் போதை ஏறாமல் செய்வது. மற்றப் பிரிவுக்கு தினமும் நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் கூட்டு மருந்து. 24 வாரம் பார்த்தார்கள்.

எல்லோரையும் எண்ணியபோது, ஊசிப் பிரிவில் 65 சதவீதம் பேர் பழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மாத்திரைப் பிரிவில் 57 சதவீதம். மாத்திரைக்கே வெற்றி. ஆனால் சிகிச்சையை உண்மையில் தொடங்கியவர்களை மட்டும் எண்ணியபோது 52-க்கு 56. ஏறக்குறைய சமம்.

காரணம் எளிது. நால்ட்ரெக்ஸோன் ஊசி போடுமுன் உடலில் அபின் சத்து சுத்தமாக இறங்கியிருக்க வேண்டும். அந்த நாட்களைத் தாங்க முடியாமல், ஊசிப் பிரிவில் நாலில் ஒருவருக்கு மேல் முதல் ஊசிக்கே வரவில்லை. அவர்களை எண்ணுவதா, விடுவதா? ஊசி மருந்தை விரும்புகிறவர் ஒரு எண்ணைக் காட்டுவார். மாத்திரையை விரும்புகிறவர் மற்றதைக் காட்டுவார். இந்த ஆய்வு இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னது. ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகரும் ஆய்வில் வாசகருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சின்னச் சின்ன விதிகளும் முடிவை மாற்றும். சோதனைக்குச் சிறுநீர் தராத வாரத்தை என்ன செய்வது? பல ஆய்வுகள் 'போதை எடுத்ததாக' எழுதிக்கொள்கின்றன. சில அந்த வாரத்தையே கணக்கிலிருந்து தள்ளிவிடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை சோதிப்பதா, மூன்று முறையா? ஹெராயின் எடுத்ததன் தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் தங்கும். வாரம் ஒருமுறை சோதிக்கிற ஆய்வில் பலர் தப்பிவிடுவார்கள்.

இதனால்தான் ஆய்வுகள் பெருகியும் அறிவு அதே வேகத்தில் பெருகவில்லை. புப்ரினார்ஃபின் பற்றி 2014-ல் காக்ரேன் அமைப்பு செய்த தொகுப்பில் 31 ஆய்வுகள், 5,430 பேர். ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்ல அது போதும். ஆனால் வேலை, குடும்பம், சிறை, மனநிலை என்று அடுத்த கேள்விகளுக்குப் போகும்போது, ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு விதமாக அளந்திருந்தால், எண்களைக் கூட்ட முடியாது. மரக்காலில் அளந்த நெல்லையும் முழத்தில் அளந்த துணியையும் எப்படிக் கூட்டுவது?

ஐந்து கேள்விகள்

மற்ற நோய்களில் இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டிருக்கிறார்கள். மூட்டுவாத ஆய்வாளர்கள் 1992-லேயே ஒன்றுகூடி, இனி எல்லா ஆய்வுகளும் குறைந்தபட்சம் இன்னின்னதை அளக்கட்டும் என்று பேசத் தொடங்கினார்கள். வேறு எதை வேண்டுமானாலும் கூடுதலாக அளக்கலாம். ஆனால் இந்தச் சிலவற்றை விடக்கூடாது. எல்லா நோய்களுக்கும் இப்படிப் பட்டியல் தயாரிப்பதை ஊக்குவிக்க, பிரிட்டனில் 2010-ல் 'காமெட்' என்ற முயற்சி தொடங்கியது.

அபின் வகைப் பழக்கத்துக்கான பட்டியல் 2022-ல் வந்தது. நிரஞ்சன் கார்னிக், லண்டனின் ஜான் மார்ஸ்டன் முதலியோர் அமெரிக்க ஆய்வு வலையமைப்போடு சேர்ந்து செய்தது. ஆராய்ச்சியாளர்கள், மருத்துவர்கள், நிர்வாகத்தினர் என 25 பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, மற்றவர்கள் போட்டதைப் பார்த்து, மறுபடி யோசித்துப் போடும் முறை. கடைசியில் தேறியவை ஐந்து: 'முன்பைவிட எப்படி இருக்கிறீர்கள்?' என்று நோயாளியிடமே கேட்பது. உயிர் தப்பிய அளவுமீறிய போதைச் சம்பவம். சிறுநீர் முதலிய சோதனையில் தெரியும் போதைப்பொருள். சிகிச்சையில் எத்தனை காலம் நீடித்தார் என்பது. அபின் வகைப் பொருளால் நேர்ந்த மரணம்.

பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். 'அறவே விட்டாரா?' என்ற பழைய கேள்வி தனியாக இல்லை. நீடித்தாரா, சாகாமல் இருந்தாரா, தேறியதாக உணர்கிறாரா என்பவை அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. நம் ரிக்‌ஷாக்காரர் இந்தக் கணக்கில் முழுத் தோல்வி அல்ல. ஐந்தில் நான்கில் தேறிவிடுவார்.

தில்லிக்குப் பொருந்துமா?

இந்த ஐந்தை அப்படியே தில்லியில் கொண்டுவந்து இறக்கினால் முதலில் முரண்டு பிடிப்பது சிறுநீர்ச் சோதனை. சாதாரண அபின் சோதனை மார்ஃபின் தடயத்தைத் தேடுகிறது. ஹெராயின் எடுத்தவருக்கு அது சரி. ஆனால் 2019 ஆய்வின்படி இந்தியர்களில் 1.14 சதவீதம் பேர் ஹெராயின் என்றால், 0.96 சதவீதம் பேர் மருந்துக்கடை வகைகளைப் போதைக்காகப் பயன்படுத்துகிறார்கள். டிரமடால் இந்தச் சோதனையில் சிக்காது. கோடீன் கலந்த இருமல் மருந்தோ, கசகசாச் செடியின் காய்த்தோடோ சிக்கும். ஆனால் ஹெராயின் மாதிரியே தெரியும்.

புப்ரினார்ஃபின் இன்னும் பெரிய சங்கடம். தில்லியில் ஊசி போடுகிறவர்கள் பலர் புப்ரினார்ஃபின் ஊசிமருந்தையே டயஸிபாமும் அலர்ஜி மருந்தும் கலந்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மையத்தில் மருந்து, தெருவில் போதை. சிறுநீரில் புப்ரினார்ஃபின் தெரிந்தால், ஒருவர் ஒழுங்காக மாத்திரை எடுக்கிறார் என்று பொருளா, சந்துக்குள் ஊசி போடுகிறார் என்று பொருளா? சோதனைக் குழாய் சொல்லாது. மையத்தின் பதிவேட்டையும் கையில் தெரியும் ஊசித் தழும்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மரணக் கணக்கு அதைவிடக் கஷ்டம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அளவுமீறிய போதையால் செத்தவரின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறும். ஆராய்ச்சியாளர் அதை எடுத்துப் பார்க்கலாம். இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தவை 22.5 சதவீதம்தான். பாலத்தடியில் கிடக்கும் அநாதைப் பிணத்துக்கு 'ஹெராயின்' என்று எழுதிவைக்கப் போவது யார்? இந்தப் பதிவேட்டை நம்பி ஓர் ஆய்வு 'மரணம் எதுவுமில்லை' என்று முடித்தால், அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சிகிச்சையில் நீடிப்பது எளிதாகத் தோன்றும். தினமும் கையெழுத்து வாங்கும் மையத்தில் நாள் எண்ணுவது சுலபம். ஆனால் அறுவடைக்கு பீகாருக்குப் போகும் தொழிலாளியை எப்படி எழுதுவது? ஊர்ப்பக்க மையத்தில் அவர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாலும், இரு பதிவேடுகளும் ஒன்றையொன்று அறியாவிட்டால், தில்லியில் அவர் 'ஓடிப்போனவர்'. 2020-ல் கோவிட் ஊரடங்கில், வீட்டுக்கே சில நாள் மாத்திரை கொடுத்தனுப்ப அனுமதி வந்தது. வரிசையில் நின்ற நாள்களை எண்ணும் பழைய கணக்கு அன்றைக்கே ஆட்டம் கண்டது.

மிஞ்சுவது நோயாளியிடம் கேட்கும் கேள்வி. அதற்கும் மொழி வேண்டும். 'முன்பைவிட மேல்' என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் சொல்வதும், 'ஏழு படிகளில் எந்தப் படி?' என்ற அச்சிட்ட படிவம் எதிர்பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை.

இங்கேதான் தில்லிக்கு ஒரு பழைய அனுபவம் கைகொடுக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் 'வாழ்க்கைத் தரம்' என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தபோது, மேற்கத்தியத் தாளை மொழிபெயர்த்து அனுப்பவில்லை. உலகின் 15 மையங்களில் மக்களிடம் கேட்டுத் தொடங்கியது. அவற்றில் இரண்டு இந்தியாவில்: தில்லியும் சென்னையும். எய்ம்ஸின் சேகர் சக்சேனாவும் சகாக்களும் தயாரித்த இந்தி வடிவம் 1998-ல் வெளியானது. உடல், மனம், உறவு, சுற்றுப்புறம் என்று நான்கு பக்கங்களைத் தொடும் அதன் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. போதைப் பழக்கத்தைக் கண்டறியும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு கேள்வித்தாளைப் பரிசோதித்த நாடுகளிலும் இந்தியா உண்டு. அதாவது, உலகக் கணக்குக்கு இந்தியச் சரக்கைச் சேர்ப்பது புது வேலை அல்ல.

அபின் வகைப் பழக்கத்தில் அதைச் செய்வதென்றால், ஐந்து கேள்விகளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அவற்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, இங்கே அளக்கும் விதத்தை ஒரே மாதிரி முடிவுசெய்ய வேண்டும். எந்தெந்தப் பொருளுக்குச் சோதனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, வராதவரை எப்படி எழுதுவது, ஊர் மாறியவரை எப்படித் தேடுவது, இறந்தவரைப் பற்றி வீட்டாரிடம் எப்படிக் கேட்பது. ஊசி பகிர்வதை ஆறாவதாகச் சேர்க்கலாமா என்பதும் இங்கே பேசவேண்டிய விஷயம். பேசும் மேஜையில் மருத்துவர்களோடு, மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களும் உட்கார வேண்டும்.

சட்டத்தின் கேள்வி

இது ஆராய்ச்சியாளர்களின் வேலை என்று விட்டுவிடவும் முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு பொருளோடு பிடிபட்ட அடிமை ஒருவர் தானாக அரசு அங்கீகரித்த மையத்துக்குச் சென்று சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஒரு நிபந்தனை: 'முழுச் சிகிச்சை' பெறாவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். முழுச் சிகிச்சை என்றால் என்ன? மூன்று வாரம் படுக்கையில் இருந்து சுத்தமாக வெளியே வருவதா, மூன்று வருடம் நாக்கடியில் மாத்திரையோடு வேலைக்குப் போவதா? புப்ரினார்ஃபின் சிலருக்குப் பல வருடம் தேவைப்படும் மருந்து. எப்போது முழுமை என்பதை மருத்துவம் ஒரே குரலில் சொல்லாதவரை, நீதிமன்றத்தில் அவரவர் வழக்கறிஞர் சொல்வதுதான் அளவுகோல்.

பணத்துக்கும் இதே கதைதான். பழக்கத்துக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் எப்போதாவது உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்கிறது 2019 ஆய்வு. இருக்கும் கொஞ்சப் பணத்தைப் படுக்கைகளுக்குச் செலவிடுவதா, தினசரி மாத்திரை மையங்களுக்கா? விடைக்கு ஆய்வு வேண்டும். ஆய்வுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். பேசுவதற்கு முன், அளப்பது எதை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதுவரை ரிக்‌ஷாக்காரர் நாளைக் காலையும் வரிசையில் நிற்பார். நர்ஸ் மாத்திரையைப் பொடிப்பார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரு 'வந்தார்' குறி விழும். இப்போதைக்கு அவர் தேறிவருவதற்கு அது ஒன்றுதான் சாட்சி.